பக்கத்து அறையில் மருந்தாளுநர்: மருத்துவருக்கு உண்மையில் குறைவது எது?

"கிளினிக்கில் ஒரு பார்மசிஸ்டை உட்கார வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்." மருத்துவத் துறையைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இப்படி யாராவது சொல்வார்கள். "மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் டாக்டர் வேலையைப் பார்ப்பதா?" என்று ஒருவர் உடனே எதிர்ப்பார். முதலாமவர் மருத்துவரின் வேலையை மூட்டை மாதிரி நினைக்கிறார், பாதியை இறக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிடலாம் என்று. இரண்டாமவருக்கு மருந்தாளுநர் என்றாலே கடைதான் நினைவுக்கு வருகிறது. நடப்பது இரண்டு பேரும் நினைப்பது போல இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில், யார் இந்த மருந்தாளுநர்?

உடம்புக்கு ஏதாவது என்றால் நாம் முதலில் போய் நிற்கும் மருத்துவருக்குக் குடும்ப மருத்துவர் என்று பெயர். அவர் செய்வது முதல்நிலை மருத்துவம். காய்ச்சலும் அவரிடம்தான், இருபது வருடச் சர்க்கரை நோயும் அவரிடம்தான். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்வதும் அவரே.

நாம் பேசும் மருந்தாளுநர் அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்பவர். கடையில் இருப்பவர் படித்த அதே படிப்புதான். ஆனால் இவருக்கு முன்னால் மருந்து அலமாரி கிடையாது. மருத்துவர் பார்க்கும் அதே நோயாளிப் பதிவு இவர் திரையிலும் திறந்திருக்கும். கடையில் இருப்பவர் கையில் சீட்டு மட்டும் வரும். அது ஏன் எழுதப்பட்டது, போன மாதம் சிறுநீரகப் பரிசோதனை என்ன சொன்னது என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். மற்ற எல்லாமே இந்த வித்தியாசத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த ஏற்பாடு பெரிய அளவில் நடக்கும் நாடுகளில் ஒன்று இங்கிலாந்து. அங்கே 2015-ல் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இதை முன்னோட்டமாகத் தொடங்கியது. 2019-லிருந்து, அக்கம்பக்கத்து மருத்துவ நிலையங்களைக் குழுக்களாகச் சேர்த்து, மருந்தாளுநர்களின் சம்பளத்துக்கு அரசே பணம் தர ஆரம்பித்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பு பல காலமாகவே இப்படி இயங்குகிறது.

யாரும் திறந்து பார்க்காத பெட்டி

ஒருவர் நீண்ட பயணத்துக்குக் கிளம்புகிறார். வீட்டில் ஆளாளுக்கு ஒரு பொருளைப் பெட்டிக்குள் போடுகிறார்கள். ஒருவர் குடை, இன்னொருவர் மழைக்கோட்டு, மூன்றாமவர் மறுபடியும் ஒரு குடை. போட்ட ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் பெட்டியை முழுக்கக் கவிழ்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்த்தவர் யாருமில்லை.

வயதான நோயாளியின் மருந்துப் பட்டியல் பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். இதயத்துக்கு ஒரு நிபுணர், மூட்டுக்கு ஒருவர், தூக்கத்துக்கு இன்னொருவர். ஒரே ஆள் பல மருந்துகளைச் சேர்த்து எடுப்பதைப் பன்மருந்துப் பயன்பாடு என்கிறார்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் என்பது வழக்கமான எல்லைக்கோடு.

பெட்டி தானாக நிறைவதும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் தருகிறார்கள். அதன் பக்கவிளைவாகச் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அதைப் புது நோய் என்று நினைத்து, நீரை வெளியேற்ற ஃபியூரோசெமைடு சேர்க்கிறார்கள். அது இரத்தத்தில் யூரிக் அமிலத்தை ஏற்றி, கால் பெருவிரலில் கீல்வாத வலியைக் கிளப்பலாம். வலிக்கு ஐபுப்ரோஃபென். ஐபுப்ரோஃபென் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. அழுத்தம் ஏறியதால் அம்லோடிபின் அளவை உயர்த்துகிறார்கள்! வட்டம் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டது. ஒரு மருந்தின் விளைவை நோய் என்று எண்ணி அடுத்த மருந்து எழுதும் இந்தத் தொடருக்கு மருந்துச் சங்கிலி என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதில் எந்தப் படியிலும் யாரும் முட்டாள்தனம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது ஏட்டளவு ஆபத்தும் அல்ல. இங்கிலாந்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 18,820 நோயாளிகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 6.5 சதவீதச் சேர்க்கைகள் மருந்தின் பாதகமான விளைவோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் வேலைக்குப் பெயர் மருந்துச் சீராய்வு. நோயாளியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, இன்னும் தேவையா, அளவு சரியா, உண்மையிலேயே விழுங்குகிறாரா என்று பார்ப்பது. இதற்கு அரை மணி நேரம் வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் வழக்கமாகப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அன்றைக்கு வந்த இருமலையும் பார்த்தாக வேண்டும்.

இதுவரை பார்த்தது: மருந்துப் பட்டியல் பல கைகளால் வளர்கிறது, அதை முழுசாகப் பார்க்க நேரமும் மருந்தறிவும் உள்ள ஒருவர் வேண்டும், கிளினிக் மருந்தாளுநரின் முதல் வேலை அதுதான்.

மருத்துவரின் நாளைத் தின்பது எது?

நோயாளியைப் பார்ப்பதுதான் மருத்துவரைக் களைப்பாக்குகிறது என்று வெளியிலிருந்து நினைக்கிறோம். அமெரிக்காவில் 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. நோயாளியோடு செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போயிருக்கிறது.

அந்த மேசை வேலையில் கணிசமான பகுதி மருந்து சார்ந்தது. பழைய மருந்தையே மறுபடி கேட்டு வரும் கோரிக்கைகள், கடையிலிருந்து "இந்த மருந்து இருப்பில் இல்லை, மாற்று எழுதித் தர முடியுமா?" என்று வரும் அழைப்புகள், பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வரும் வீடு திரும்பும் கடிதங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்தானே என்று தோன்றும்.

நோட்டுக் கட்டு ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எழுபத்து மூன்றாவது நோட்டில் யாரோ வந்து மணி கேட்கிறார்கள். பதில் சொல்ல மூன்று வினாடி. ஆனால் எண்ணிக்கை போய்விட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறுக்கீட்டின் விலை அது பிடிக்கும் நேரமல்ல. கலைத்துவிட்டுப் போகும் நினைவு. ஒரு நாளில் இப்படி எத்தனை முறை கலைகிறது என்பதில்தான் மருத்துவரின் களைப்பு நிறைய இருக்கிறது.

இன்னொரு வகை பாரம் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. வெளியூர் கிளம்பிப் பாதி வழியில் "கதவைப் பூட்டினோமா?" என்று ஒரு சந்தேகம் வரும், தெரியும்தானே? பூட்டியிருப்போம். ஆனாலும் அன்று முழுக்க மனத்தின் ஒரு மூலை வீட்டு வாசலிலேயே நிற்கும். மருத்துவருக்கு இப்படிப்பட்ட கதவுகள் ஒரு நாளில் பல. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினேனே, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கச் சொன்னேனா? மூட்டுவாதத்துக்குத் தந்த மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை என்று சொன்னது அந்த அம்மாவுக்குப் புரிந்ததா, தினமும் விழுங்கிவிடுவாரா? மனநலத்துக்காக லித்தியம் எடுப்பவரின் இரத்தப் பரிசோதனை தள்ளிக்கொண்டே போகிறதே. இவை எந்த நேர அட்டவணையிலும் வராது. ஆனால் வீட்டுக்குக் கூடவே வரும்.

மூடப்படும் கதவுகள்

சரி, மருந்தாளுநர் வந்ததும் என்ன மாறுகிறது? ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் இருந்தவர் வீடு திரும்பியிருக்கிறார். அங்கே புதிதாக பைசோப்ரோலால் தொடங்கியிருக்கிறார்கள். கிளினிக்கின் பழைய பட்டியலில் அடெனோலால் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றுக்குப் பதிலாக மற்றது. ஆனால் "பழையதை நிறுத்து" என்று கடிதத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நோயாளி இரண்டையும் விழுங்கினால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பதை மருந்து ஒப்பிடல் என்று சொல்லலாம். மருத்துவர் இதை மாலை ஏழு மணிக்கு, நாற்பது கடிதங்களுக்கு நடுவே செய்வார். மருந்தாளுநர் காலையில், அதையே வேலையாகச் செய்வார். பிறகு நோயாளியை போனில் அழைத்து, "வீட்டில் எந்தெந்த டப்பா இருக்கிறது, எடுத்து வந்து வாசித்துக் காட்டுங்கள்" என்பார்.

மருத்துவருக்கு இதில் மிச்சமானது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. நேரத்தை மட்டும் அளப்பவர், "இதற்கா ஒரு ஆள்?" என்று கேட்பார். ஆனால் ஒரு கதவு பூட்டப்பட்டுவிட்டது, அதுவும் வேறொருவர் கையால், அவர் பூட்டியது பதிவிலும் இருக்கிறது.

கதவைப் பூட்டுவதற்கும் "கதவு திறந்திருக்கிறது" என்று அறிவிப்பதற்கும் உள்ள தூரத்தை இங்கிலாந்தில் நடந்த பின்சர் என்ற சோதனை அழகாகக் காட்டியது. அதன் முடிவு 2012-ல் வந்தது. 72 மருத்துவ நிலையங்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கத்துக்கும் கணினி ஒரு பட்டியல் எடுத்துக் கொடுத்தது: வயிற்றுப்புண் இருந்தும் பாதுகாப்பு மருந்து இல்லாமல் வலிநிவாரணி எடுப்பவர்கள், ஆஸ்துமா இருந்தும் அடெனோலால் குடும்பத்து மருந்து எடுப்பவர்கள், இப்படி. ஒரு பக்கத்துக்குப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுபக்கத்துக்குப் பட்டியலோடு ஒரு மருந்தாளுநரும் போய், மருத்துவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தீர்த்து வைத்தார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்தாளுநர் போன இடங்களில் பிழைகள் தெளிவாகக் குறைவு.

வெறும் பட்டியல் மருத்துவருக்கு இன்னொரு வேலை. எச்சரிக்கைகள் திரையில் குவியக் குவிய, படிக்காமலே தள்ளிவிடும் பழக்கம் வரும் என்பது கணினி முன் உட்காரும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டியலோடு வரும் ஆள் அந்த வேலையை முடித்துவிட்டுப் போகிறார்.

சுருக்கமாக: மிச்சமாகும் நிமிடங்கள் கொஞ்சம்தான். குறுக்கீடுகளும், பாதியில் நிற்கும் முடிவுகளும், தனியாகச் சுமக்கும் சந்தேகங்களும் குறைவதுதான் பெரிய மாற்றம்.

பணிச்சோர்வு என்றால் வெறும் அலுப்பு அல்ல

இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதை நோய் என்று சேர்க்காமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, "நான் செய்வதில் என்ன பயன்?" என்ற எண்ணம்.

தூங்கி எழுந்தால் அலுப்பு போய்விடும், இது போகாது. மருந்தாளுநரின் வரவு இந்த மூன்றையும் ஒரே அளவில் தொடுவதில்லை. சக்தி வற்றுவது கொஞ்சம் மட்டுப்படலாம். ஆனால் மூன்றாவதில்தான் நல்ல மாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. சந்தேகம் வந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், தன் சீட்டை இன்னொரு ஜோடிக் கண்களும் பார்க்கின்றன என்ற நினைப்பு, வேலை ஒழுங்காக நடக்கிறது என்ற திருப்தியைத் தரக்கூடியது. தனிமைதான் முதலில் குறைகிறது. அதை மணிக்கணக்கில் அளக்க முடியாது.

இந்தப் பக்கம் குறைந்தால் அந்தப் பக்கம் ஏறுவது

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் இதுவும் அரைகுறைப் பேச்சாகிவிடும்.

புதிதாக வரும் மருந்தாளுநருக்கு மருந்து தெரியும். ஆனால் தெளிவில்லாத புகார்களோடு வரும் மனிதர்களை எதிர்கொண்டு பழக்கம் இருக்காது. இங்கிலாந்தில் இதற்கென்றே 18 மாதப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழகும்வரை யாராவது வழிகாட்ட வேண்டும். அந்த யாராவது, ஏற்கெனவே நேரமில்லாத அதே மருத்துவர்தான். ஆக, முதல் சில மாதங்களில் மருத்துவரின் வேலை கூடும். ஒரு மாதம் பார்த்துவிட்டு "இது சரிப்படாது" என்று கைவிடுபவர்கள் செலவை மட்டும் செய்துவிட்டு வரவுக்கு முன்னால் எழுந்து போகிறவர்கள்.

அடுத்தது கொஞ்சம் எதிர்பாராதது. மருத்துவரின் நாளில் எளிய சந்திப்புகளும் உண்டு. அழுத்தம் சரியாக இருக்கிறது, அதே மாத்திரையைத் தொடருங்கள், பேத்தி எப்படி இருக்கிறாள் என்று முடிந்துவிடும் சந்திப்பு. அது மலையேற்றத்தில் நடுவே வரும் சமதளம், அங்கேதான் மூச்சு வாங்க முடியும். நிலையான நோயாளிகள் எல்லோரும் மருந்தாளுநரிடம் போய்விட்டால் மருத்துவரிடம் மிஞ்சுவது சிக்கலானவர்கள் மட்டுமே. எண்ணிக்கை குறையும், கனம் கூடும். காலியான இடத்தில் உடனே இன்னொரு சிக்கலானவரைப் போட்டு நிரப்பினால், காகிதத்தில் வேலை பகிரப்பட்டிருக்கும், மருத்துவர் முன்பைவிடக் களைத்திருப்பார். இந்த நிரப்பலை யார் முடிவு செய்கிறார்கள் என்பது நிர்வாகத்தின் கேள்வி, மருந்தாளுநரின் தவறு இல்லை.

நெடுநாள் நோயாளியோடு இருந்த உறவும் மெலியலாம். சிலருக்கு அது வருத்தம், சிலருக்கு ஆறுதல். மருத்துவருக்கு மருத்துவர் மாறும்.

கையெழுத்து யாருடையது?

ஒரே பதவிப் பெயர் இருந்தும் ஓரிடத்தில் பலன் தெரிகிறது, இன்னோரிடத்தில் தெரியவில்லை. ஏன்? பெரும்பாலும் விடை அதிகாரத்தில் இருக்கிறது.

முதல் வகையில் மருந்தாளுநர் பரிந்துரை மட்டும் செய்வார். "இந்த அளவைக் குறைக்கலாம்" என்று குறிப்பு எழுதி அனுப்புவார். மருத்துவர் படித்து, யோசித்து, மாற்ற வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்ற அறிவிப்புதான் இதுவும். நல்ல அறிவிப்பு, ஆனாலும் அறிவிப்பு. அடுத்த வகையில் இருவரும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்கிறார்கள்: இரத்த அழுத்தம் இந்த எல்லைக்குள் இருந்தால், சிறுநீரகம் நன்றாக இருந்தால், அளவை நீங்களே மாற்றலாம் என்று. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மூன்றாவதில் மருந்தாளுநர் தன் சொந்தக் கையெழுத்தில் மருந்து எழுதுவார், பொறுப்பும் அவருடையது. பிரிட்டனில் தனிப் பயிற்சி முடித்தவர்களுக்கு 2006 முதல் இந்த உரிமை இருக்கிறது. அங்கே 2026 முதல் புதிதாகப் பதிவு பெறுபவர்கள் அந்தத் தகுதியோடே வெளிவரும்படி பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காக மருந்தாளுநர் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை. எது தன் அறிவுக்குள், எது வெளியே என்று அவரே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலி எதனால், எடை ஏன் குறைகிறது என்று நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரிடமே இருக்கிறது. "டாக்டர் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்" என்ற பயம் இந்த இடத்தைக் கவனிக்காததால் வருவது.

ஒருவரைச் சேர்த்தால் போதுமா?

அமெரிக்காவில் 2022-ல் வெளியான ஒரு கணக்கீடு சுவாரசியமானது. 2,500 பேருக்கு ஒரு முதல்நிலை மருத்துவர், எல்லா வழிகாட்டுதல்களையும் பிசகாமல் பின்பற்றினால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? விடை 26.7 மணி நேரம்! நாளுக்கே இருபத்து நான்குதான். ஒப்படைக்கக்கூடியதைக் குழுவில் உள்ள மற்றவர்களிடம் ஒப்படைத்தால் அது 9.3 மணி நேரமாகக் குறையும் என்றும் அதே கணக்கீடு காட்டியது. இது மாதிரிக் கணக்குதான், எந்தக் கிளினிக்கிலும் கடிகாரம் வைத்து அளந்ததல்ல. அந்தக் குழுவில் செவிலியர், உணவியல் வல்லுநர் என்று பலரும் உண்டு. மருந்தாளுநர் அதில் ஒரு பங்கு. ஆனால் ஒருவர் இன்னும் வேகமாக ஓடினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

அப்புறம், மருந்தாளுநரின் வேலை வாழ்க்கை என்று ஒன்றும் இருக்கிறது. இந்தப் பேச்சில் அது கடைசியில்தான் வருகிறது, பல நேரம் வருவதே இல்லை. திங்கள்கிழமை ஒரு கிளினிக், செவ்வாய் இன்னொன்று, புதன் மூன்றாவது என்று சுற்றுபவருக்கு எந்த இடத்திலும் சொந்த மேசை இருக்காது. சந்தேகம் கேட்க இன்னொரு மருந்தாளுநர் பக்கத்தில் இருக்க மாட்டார். மருத்துவரின் மேசையிலிருந்து நகர்ந்த அத்தனை கடிதங்களும் கோரிக்கைகளும் இப்போது அவர் திரையில். நோட்டு எண்ணும்போது குறுக்கே வருபவர்களும் இப்போது அவரிடம்தான் வருகிறார்கள். பதிவைத் திறந்துவைத்து நோயாளியோடு அரை மணி நேரம் உட்காரத்தான் அவரை எடுத்தார்கள். நாள் முழுக்க மறுகோரிக்கைகளுக்கு ஒப்புதல் அழுத்துவதே வேலையாகிவிட்டால், பூட்டினோமா என்ற சந்தேகத்தோடு வீட்டுக்குப் போவது அவராக இருக்கும்.